கடலூர்த் தண்ணீருக்கு நானோ பொருள் என்ன செய்யும்?

கடலூரில் எம்.எஸ்சி வேதியியல் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: “வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் தயாரிப்பதை ப்ராஜெக்டாக எடுக்கச் சொல்கிறார்கள். நானோ பொருட்களை எப்படியெல்லாம் தயாரிக்கிறார்கள்? மருத்துவத்தில் அவை நிஜமாகவே எதற்குப் பயன்படுகின்றன? எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் உறவினர் வீட்டில் தண்ணீரில் ரசாயன வாடை வருகிறது. இதற்கெல்லாம் நானோவில் வழி இருக்கிறதா?”

நான் புதுச்சேரியில் பல வருடங்களாக இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் தயாரிப்பில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள பொருளை நானோ என்கிறோம். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த அளவில் என்ன மாறுகிறது? முதலில் மேற்பரப்பு. ஒரு கிராம் இரும்பை ஒரே கனசதுரக் கட்டியாக வைத்தால் அதன் வெளிப்பரப்பு சுமார் 1.5 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராமை 10 நானோமீட்டர் துகள்களாக ஆக்கினால் பரப்பு சுமார் 76 சதுர மீட்டர். அதாவது 800 சதுர அடிக்கு மேல், இரண்டு படுக்கையறை வீடு கட்டும் அளவு. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 30 நானோமீட்டர் தங்கத் துகளில் வெளியே தெரியும் அணுக்கள் மொத்தத்தில் 5, 6 சதவீதம்தான். 3 நானோமீட்டருக்கு வந்தால் கிட்டத்தட்ட பாதி அணுக்கள் வெளியே நிற்கும். வெளியே நிற்கும் அணுவுக்குப் பக்கத்துணை குறைவு. அது சும்மா இருக்காது, எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும். பக்கத்துத் துகளோடு ஒட்டும், தண்ணீரில் இருப்பதைப் பிடிக்கும், ரத்தத்தில் இருந்தால் புரதத்தைப் பிடிக்கும். ஆகவே நானோ பொருளைப் பற்றிக் கேட்கும்போது அளவு என்ன என்பதோடு நிறுத்தக் கூடாது. அதன் மேல் என்ன போர்த்தியிருக்கிறது, வேலை முடிந்த பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பது, இந்த இரண்டையும் கேட்க வேண்டும். மருந்தானாலும் தண்ணீரானாலும் காரியம் ஆவதும் கெடுவதும் இந்த இரண்டு கேள்விகளில்தான் என்பது என் திடமான கருத்து.

இதைக் கண்ணால் பார்க்க நல்ல வழி தங்கக் கூழ்மம், அதாவது தங்க நுண்துகள்கள் படியாமல் மிதக்கும் தண்ணீர். மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இதைப் பற்றி லண்டனில் உரை நிகழ்த்தினார். இன்று எல்லா ஆய்வகத்திலும் செய்யும் முறை 1951-இல் டர்கெவிச்சும் உடன் வேலை செய்தவர்களும் எழுதியது. கண்ணாடிப் பாத்திரத்தை முதலில் இராஜ திராவகத்தில் கழுவ வேண்டும். பழைய தங்கமோ அழுக்கோ ஒட்டியிருந்தால் துகள்கள் கண்டபடி வளரும். நீர்த்த குளோரோஆரிக் அமிலம் இளமஞ்சளாக இருக்கும். அதைக் கொதிக்க வைத்து, மேக்னடிக் ஸ்டிரர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே டிரைசோடியம் சிட்ரேட் கரைசலை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். மஞ்சள் மறையும். சிறிது நேரம் எதுவும் நடக்காதது போல நிறமில்லாமல் நிற்கும். பிறகு சாம்பல் கலந்த நீலம், அப்புறம் கருஞ்சிவப்பு, சில நிமிடங்களில் தெளிந்த ஒயின் சிவப்பு. இப்போது பீக்கரில் இருப்பது 15, 20 நானோமீட்டர் தங்கத் துகள்கள்.

இங்கே சிட்ரேட் இரண்டு வேலை பார்த்திருக்கிறது. தங்க அயனிக்கு எலெக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கியது ஒன்று. உருவான துகளின் மேல் எதிர்மின் சுமையோடு ஒட்டிக்கொண்டு, துகளும் துகளும் ஒன்றையொன்று விலக்கும்படி செய்தது இன்னொன்று. இந்தச் சிவப்புக் கூழ்மத்தில் கொஞ்சம் சோதனைக்குழாயில் எடுத்து, உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கண் முன்னே நீலமாகும், வைத்திருந்தால் அடியில் கரும்படிவு தங்கும். உப்பின் அயனிகள் அந்த விலக்கு விசையை மறைத்துவிட்டன, துகள்கள் நெருங்கி ஒட்டிவிட்டன. உப்பும் கடினத்தன்மையும் கூடிய கடற்கரையோர போர் தண்ணீரைப் போதிய அளவு விட்டாலும் இதேதான் நடக்கும். இப்போது வேறொரு குழாயில், உப்பு விடுவதற்கு முன்பே, நுனியில் கந்தகம் கொண்ட பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற பாலிமரைத் தங்கத்தின் மேல் கட்டிவிட்டு அதே உப்பை விடுங்கள். சிவப்பு சிவப்பாகவே இருக்கும். தங்கமும் அதே, அளவும் அதே. மாறியது போர்வை மட்டும். டிஸ்டில்டு வாட்டரில் அழகாக வேலை செய்த எத்தனையோ நானோ துகள்கள் ஊர்த் தண்ணீரில் படுத்துவிடுவதற்குக் காரணம் இந்த ஒரு சோதனைக்குழாயில் தெரிந்துவிடும்.

மற்ற தயாரிப்பு முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பொருளை பந்து ஆலையில் போட்டு அரைத்துச் சிறிதாக்குவது ஒரு பாதை. மலிவு, ஆனால் அளவு சீராக வராது. அணுவிலிருந்து கட்டி எழுப்புவது இன்னொரு பாதை. டைட்டானியம், சிலிக்கா ஆக்சைடுகளுக்கு சோல்-ஜெல் முறை. அழுத்தக் கலனில் தண்ணீரோடு சூடாக்கும் ஹைட்ரோதெர்மல் முறையில் துத்தநாக ஆக்சைடைக் கம்பியாகவும் பூவாகவும் வளர்க்கலாம். அளவுக்கு ஏற்ப நிறம் மாறி ஒளிரும் குறைகடத்தித் துகள்களான குவாண்டம் புள்ளிகளுக்கு 1993-இல் வந்த சூடான கரைப்பானில் சடாரென்று செலுத்தும் முறை. அந்தத் துறைக்குத்தான் 2023-இல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

காந்த இரும்பு ஆக்சைடை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், நம் கல்லூரிகளில் செய்யக்கூடியது என்பதால். ஃபெர்ரிக், ஃபெர்ரஸ் உப்புகளை 2-க்கு 1 என்ற விகிதத்தில் கரைத்து, அம்மோனியாவை விட்டால் உடனே கருப்பாகப் படியும். அதுதான் மேக்னடைட். 1981-இல் மஸார் எழுதிய முறை இது. கருப்பு வராமல் பழுப்பாக வந்தால் காற்று உள்ளே போய் ஃபெர்ரஸ் இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரை நைட்ரஜன் ஓட்டிக் காற்று நீக்கிய பிறகு செய்யுங்கள். துகள் போதிய அளவு சிறிதாக இருந்தால், காந்தத்தைப் பக்கத்தில் வைத்ததும் ஓடி வந்து சுவரில் ஒட்டும், எடுத்ததும் காந்தத்தன்மையை மறந்து மறுபடி கலந்துவிடும். திரும்ப எடுப்பது எப்படி என்ற கேள்விக்கு இயற்கையே கொடுத்த விடை இது.

இனி இலைச்சாறு. வேப்பிலைச் சாற்றில் வெள்ளி, தங்கத் துகள்கள் செய்யலாம் என்று புனே தேசிய வேதியியல் ஆய்வகத்து முரளி சாஸ்திரி குழு 2004-இல் வெளியிட்டது அருமையான வேலை. அதற்குப் பிறகு நம் தமிழ்நாட்டில் துளசி, நொச்சி, ஆடாதோடை, கீழாநெல்லி என்று கையில் கிடைத்த இலையிலெல்லாம் வெள்ளி செய்தாகிவிட்டது. இலையிலுள்ள பாலிபீனால்களும் சர்க்கரைகளும் வெள்ளி அயனியை ஒடுக்கும் என்பதில் இனிப் புதிதாக நிரூபிக்க ஒன்றுமில்லை. தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. சித்திரையில் பறித்த இலையும் ஐப்பசி மழையில் பறித்த இலையும் ஒன்றல்ல. போர்வை என்னவென்றே தெரியாத துகளை வைத்து, அது ஏன் வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? இந்த ப்ராஜெக்டுகளின் எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவு (XRD) வரைபடத்தில் 38 பாகையில் வெள்ளியின் உச்சி இருக்கும், அதோடு 32, 46 பாகை அருகே இன்னும் இரண்டு உச்சிகள் நிற்கும். “இலையிலுள்ள கரிமப் பொருட்களால் வந்தவை” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அவை வெள்ளி குளோரைடு. இலையில் குளோரைடு இருக்கிறது, குழாய்த் தண்ணீரில் சாறு எடுத்தால் அதிலும் இருக்கிறது. அதைக் கவனித்து எழுதும் மாணவரை நான் மனமாரப் பாராட்டுவேன்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தங்க பஸ்பம் செய்த சித்தர்கள் நானோவை அன்றே கண்டவர்களா? பஸ்பங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் நானோ அளவுத் துகள்களைக் கண்டிருக்கிறார்கள், அது உண்மை. பல முறை புடம் போட்டு அரைத்தால் அந்த அளவு வருவதில் வியப்பும் இல்லை. அரிக்கமேட்டில் கிடைக்கும் சிவப்புக் கண்ணாடி மணிகளைப் பாருங்கள். செம்பைச் சேர்த்து, காற்றோட்டம் குறைந்த உலையில் உருக்கினால்தான் அந்தச் சிவப்பு வரும். கண்ணாடிக்குள் நுண்ணிய செம்புப் படிகங்கள் பிரிவதால் வரும் நிறம் அது. அந்த உலைக்காரர்களின் கைத்திறன் பெரிது, அதைக் கொண்டாடலாம். ஆனால் ஒரு பஸ்பத்தை மருந்தாக ஏற்க, ஒவ்வொரு தொகுப்பிலும் துகளின் அளவு என்ன, மேலே என்ன இருக்கிறது, ஈயமோ பாதரசமோ மிச்சமிருக்கிறதா என்று அளந்து சொல்ல வேண்டும். பழமை அந்த அளவீட்டுக்கு ஈடாகாது. நோயாளியின் உடம்புக்குள் போகும் பொருள் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, மருத்துவம். நானோ மருந்து என்றால் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அடர் பழுப்பு மருந்தை சலைனில் கலந்து மெதுவாக இறக்குவார்கள். அது ஒரு நானோ துகள்தான். நடுவே இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு, சுற்றிலும் சர்க்கரைப் போர்வை. வெறும் இரும்பு உப்பைச் சிரையில் செலுத்தினால் கட்டற்ற இரும்பு ரத்தக்குழாயையும் உறுப்புகளையும் தாக்கும். சர்க்கரைப் போர்வை அந்த இரும்பைப் பிடித்து வைத்திருக்கிறது. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையிலுள்ள விழுங்கு செல்கள் துகளை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளே உடைத்து, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தப் புரதத்திடம் கொடுக்கின்றன. போர்வை சரியாக அமையாத தயாரிப்பில் இரும்பு அவசரமாக அவிழும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். அந்த மருந்தை வேகமாக ஏற்றக் கூடாது என்று செவிலியர் கண்டிப்பாக இருப்பதற்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது.

அயர்ன் சுக்ரோஸில் கல்லீரல் துகளைப் பிடிப்பது நமக்கு உதவி. புற்றுநோய் மருந்தில் அதே செயல் இடைஞ்சல். எந்த நானோ துகளும் ரத்தத்தில் நுழைந்த கணமே புரதங்கள் அதன் மேல் படியும். நீங்கள் ஆய்வகத்தில் போட்ட போர்வைக்கு மேல் உடம்பு இன்னொன்றைப் போர்த்துகிறது. விழுங்கு செல்கள் பார்ப்பது அந்த இரண்டாவது போர்வையைத்தான். பாலிஎத்திலீன் கிளைக்கால் கட்டினால் புரதம் படிவது குறையும், துகள் ரத்தத்தில் அதிக நேரம் சுற்றும். 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் இப்படித்தான் வந்தது. டாக்சோரூபிசின் என்ற பழைய மருந்தை, சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து, வெளியே அந்தக் கிளைக்காலைப் போர்த்தினார்கள். மருந்து அதே மருந்து. இதயத்தைத் தாக்குவது வெகுவாகக் குறைந்தது. பதிலுக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் சிவந்து உரிவது கூடியது. பயனும் பக்கவிளைவும் இரண்டுமே போர்வையோடு இடம் மாறின என்று வாசிக்க வேண்டும்.

2005-இல் வந்த அப்ராக்சேன் இன்னொரு நல்ல உதாரணம். பாக்ளிடாக்செல் தண்ணீரில் கரையாது. முன்பு ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து கொடுத்தார்கள், அந்தக் கரைப்பானே கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். அதை எடுத்துவிட்டு, ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் அல்புமின் புரதத்தோடு சேர்த்து சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கினார்கள். கரைப்பானும் போனது, அதனால் வந்த தொல்லையும் போனது.

ஆனால் “நானோ துகள் நேராகப் புற்றுக்கட்டிக்குப் போய்ச் சேரும்” என்று பாடப்புத்தகப் படங்கள் காட்டுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கட்டியின் ரத்தக்குழாய்கள் ஓட்டையாக இருப்பதால் துகள்கள் கசிந்து அங்கே தங்கும் என்று 1986-இல் மாட்சுமுராவும் மயேதாவும் காட்டினார்கள். அது உண்மைதான், ஆனால் எவ்வளவு? பத்தாண்டு கால ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் வெளியான ஒரு கணக்கில், செலுத்திய அளவில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலையாக 0.7 சதவீதம். மிச்சம் பெரும்பாலும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. 6 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும், அதற்கு மேலே போனால் தங்கம் போன்ற கரையாத பொருள் உடம்பில் நெடுநாள் தங்கும். அதனால்தான் உடம்புக்குள் இதுவரை நன்றாக ஜெயித்த நானோ பொருட்கள் கொழுப்பு, புரதம், சர்க்கரை போர்த்திய இரும்பு என்று உடம்பு உடைத்துச் செரிக்கக் கூடியவையாக இருக்கின்றன. கோவிட் எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசியின் கொழுப்புத் துகளும் இந்த வகை. அதில் ஒரு கொழுப்பு, ரத்தத்தின் பி.எச்-இல் மின்சுமை இல்லாமல் சாதுவாக இருக்கும். செல்லுக்குள் விழுங்கப்பட்டு அமிலப் பைக்குள் போனதும் நேர்மின் சுமை ஏறி, அந்தப் பையைக் கிழித்துக்கொண்டு சரக்கை இறக்கும். வேலை செய்யும் நானோ பொருள் என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உடம்புக்கு வெளியே என்றால் தங்கம் தாராளமாகப் பயன்படுகிறது. மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தோன்றும் இளஞ்சிவப்புக் கோடு, நீங்கள் பீக்கரில் பார்த்த அதே தங்கக் கூழ்மத்தின் நிறம். அட்டையின் ஒரு முனையில், எச்.சி.ஜி ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் போர்த்திய தங்கத் துகள்கள் உலர்ந்திருக்கும். சிறுநீர் பரவும்போது அவற்றைக் கரைத்து இழுத்துப் போகும். ஹார்மோன் இருந்தால் துகள் அதைப் பிடித்துக்கொண்டே போய், கோட்டில் காத்திருக்கும் இன்னொரு எதிர்ப்புரதத்தில் மாட்டும். ஆயிரக்கணக்கில் மாட்டி நிற்கும்போது கோடு சிவக்கிறது. கோவிட் காலத்து விரைவுப் பரிசோதனை அட்டைகளிலும் இதே ஏற்பாடுதான்.

இப்போது தண்ணீர். உங்கள் வீட்டு உப்புத் தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். 20 லிட்டர் கேன் ஒன்றில் அந்தத் தண்ணீரைப் பிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். டி.டி.எஸ், அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு 2000 மில்லிகிராம் என்றால், அந்தக் கேனுக்குள் 40 கிராம் உப்பு இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கது என்று சொல்லும் 500-க்குக் கொண்டுவர 30 கிராம் உப்பை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிராமுக்கு 100 மில்லிகிராம் பிடிக்கும் மிக நல்ல நானோ உறிஞ்சி உங்களிடம் இருந்தாலும், ஒரு கேனுக்கு 300 கிராம் தேவை. மறுநாளும் 300 கிராம். இது கட்டுப்படியாகாது. பெரிய அளவில் கரைந்திருக்கும் உப்பை எடுக்க உறிஞ்சிகள் சரியான கருவி அல்ல. அதற்குச் சவ்வுதான், அதாவது ஆர்.ஓ. அந்தச் சவ்வில் உப்பைத் தடுக்கும் பாலிஅமைடு படலத்தின் தடிமன் 100, 200 நானோமீட்டர்தான் என்பதால், நானோ ஏற்கெனவே உங்கள் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் வீட்டு ஆர்.ஓ-வில் குடிக்கக் கிடைப்பதைவிடக் கழிவாகப் போவது பெரும்பாலும் அதிகம். கடலூர் முதல் புதுச்சேரி வரை கரையோரம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால்தான் கடல் உள்ளே வருகிறது. ஏரி குளங்களைத் தூர் வாரி, மழைநீரை உள்ளே இறக்காமல் எந்தத் துகளும் அதைத் திருப்பி அனுப்பாது.

அதே கேனில் உப்புக்குப் பதில் ஆர்சனிக் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இருக்கிறது என்று வையுங்கள். குடிநீரில் அனுமதி 10 மைக்ரோகிராம், இது அதைப்போல ஐந்து மடங்கு. மொத்தக் கேனிலும் இருப்பது ஒரே ஒரு மில்லிகிராம் விஷம். பேச்சுக்கு, ஒரு கிராமுக்கு 10 மில்லிகிராம் பிடிக்கும் இரும்பு நானோ உறிஞ்சி ஒரு கிராம் இருந்தால் 10 கேனுக்குப் போதும். கணக்கு தலைகீழாகிவிட்டது பாருங்கள். கொஞ்சமாக இருந்தே கொல்லும் பொருட்களை, அதிலும் ஆர்சனிக், பூச்சிக்கொல்லி, கன உலோகங்கள் போன்றவற்றை, தேர்ந்து பிடிக்கத்தான் நானோ உறிஞ்சிகள். சென்னை ஐ.ஐ.டி-யில் பிரதீப் குழு இந்த வழியில்தான் போனது. பூச்சிக்கொல்லியை நீக்கும் வடிகட்டி, பிறகு ஆர்சனிக்குக்கான அம்ரித் தொழில்நுட்பம் இரண்டும் அங்கிருந்து வந்தவை. 2013-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு வேலை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது. அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கக்கூடிய கைட்டோசான் என்ற பாலிமரும் சேர்ந்த மணிகளுக்குள் வெள்ளித் துகள்களைச் சிறைவைத்தார்கள். துகள் வெளியே வராது. அதிலிருந்து வெள்ளி அயனி மட்டும், குடிநீரில் அனுமதித்த அளவுக்குக் கீழே, நீண்ட காலம் சீராகக் கசிந்து கிருமியைக் கொல்லும். வெறும் வெள்ளித் துகளைத் தண்ணீரில் விட்டால் மேலே உப்பும் சிலிக்காவும் படிந்து செயலிழந்துவிடும் என்பதைப் புரிந்துகொண்டு செய்த வடிவமைப்பு அது. தயாரிப்பும் சாதாரண வெப்பநிலையில், தண்ணீரிலேயே நடந்தது. நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரே மணிக்குள் விடை இருக்கிறது.

மண்ணுக்கடியில் இருக்கும் மாசுக்கு உலோக இரும்பு நானோ துகளைச் செலுத்துவதும் ஒரு வழி. ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவு போன்ற இடங்களில் ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் கரைந்து நகரும், புற்றுநோய் உண்டாக்கும். இரும்பு அதற்கு எலெக்ட்ரான் கொடுத்தால் மூன்று இணைதிறனுக்கு இறங்கி ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். சோதனைக்குழாயில் மஞ்சள் மறைவதைப் பார்க்க ஆனந்தமாக இருக்கும். மண்ணுக்குள் கதை வேறு. துகள்கள் ஒன்றோடொன்றும் மணலோடும் ஒட்டிக்கொண்டு, செலுத்திய இடத்திலிருந்து சில மீட்டருக்கு மேல் நகர்வதில்லை. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போர்த்தினால் இன்னும் கொஞ்ச தூரம் போகும். இதுவும் போர்வை விஷயம்தான். இந்தத் துகளை உலர்த்திக் காற்றில் வைத்தால் தீப்பிடிக்கும், அது நினைவிருக்கட்டும்.

ஒளி பட்டால் மாசை உடைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு ஒளிவினையூக்கி பற்றி நம் பக்கம் நிறைய ப்ராஜெக்டுகள் நடக்கின்றன. 1972-இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் தொடங்கி வைத்தது. அதன் அனடேஸ் வடிவத்துக்குப் புற ஊதா ஒளி வேண்டும். சூரிய ஒளியில் அது 4, 5 சதவீதம்தான். சாயக் கழிவு அடர்நிறமாக இருந்தால் ஒளி உள்ளேயே போகாது. இதில் எனக்கு உண்மையான மனக்குறை ஒன்று உண்டு. மெத்திலீன் புளூ என்ற சாயத்தின் நீலம் மறைந்ததைக் காட்டி “மாசு நீங்கியது” என்று எழுதுகிறார்கள். நிறம் போவதற்கு மூலக்கூறின் ஒரு பிணைப்பு உடைந்தால் போதும், உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே இருக்கும், சில மூலத்தைவிட நஞ்சாகவும் இருக்கலாம். மொத்தக் கரிமக் கார்பன் குறைந்ததா என்று அளந்தால்தான் நீங்கியது என்று சொல்லலாம். அதோடு, விளக்கைப் போடுவதற்கு முன் இருட்டில் அரை மணி நேரம் கலக்கி, எவ்வளவு வெறுமனே ஒட்டிக்கொண்டது என்று பிரித்துக் காட்டவும் வேண்டும்.

உறவினர் வீட்டில் ரசாயன வாடை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கொதிக்க வைத்தால் சரியாகும் என்ற எண்ணமும் வேண்டாம், ஆவியாகும் சேர்மங்கள் சமையலறைக் காற்றில் கலக்கும், மற்றவை பாத்திரத்தில் செறிவாகும். வாடைக்குக் காரணம் பெரும்பாலும் கரிமச் சேர்மங்கள். வழக்கமான தண்ணீர்ச் சோதனையில் அவை தெரியாது, வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலையும் சேர்ந்த கருவி (GC-MS) உள்ள அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கேட்டுச் செய்ய வேண்டும். என்ன இருக்கிறது என்று தெரியும் முன் எந்த வடிகட்டியும் வாங்காதீர்கள், அதில் நானோ என்று எழுதியிருந்தாலும். மூலத்தில் நிறுத்த வேண்டிய மாசு அது, சோதனை அறிக்கை கையில் இருந்தால்தான் யாரிடமும் பேச முடியும்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். வழிகாட்டி ஒப்புக்கொண்டால் வெள்ளியை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். கடலூர் முதுநகர் பக்கம் இறால் உரித்த ஓடு சும்மா கிடைக்கும். கழுவி, காய வைத்து, பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நுரைத்துப் பொங்கும், கால்சியம் கார்பனேட் போகிறது. நுரை அடங்கியதும் கழுவி, நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் புரதம் போகும். மிச்சம் கைட்டின். அதை 40 முதல் 50 சதவீத காஸ்டிக் சோடாவில் 100 டிகிரி அளவில் சில மணி நேரம் வைத்தால் கைட்டோசான். இந்தக் கட்டம் அபாயமானது. கண்ணாடி, கையுறை, புகைக்கூண்டு இல்லாமல் தொடவே கூடாது. சரியாக வந்திருந்தால் 2 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைந்து பாகு போல நிற்கும். அதில் ஃபெர்ரிக் குளோரைடைக் கலந்து, சிரிஞ்சில் எடுத்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் சொட்டு விடுங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்திலேயே செம்பழுப்பு மணியாக உறையும். கைட்டோசான் வலைக்குள் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நுண்துகள்களாகப் படிந்திருக்கும். கழுவு நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். வேலை முடிந்ததும் சல்லடையில் அரித்து எடுத்துவிடலாம், சென்ட்ரிஃபியூஜ் தேவையில்லை.

ஆர்சனிக்கை வைத்துச் சோதிக்க ஆசைப்படாதீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் அது தேவையில்லாத ஆபத்து, அளக்கக் கருவியும் இருக்காது. பாஸ்பேட்டை எடுங்கள். ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வடிவத்திலும் சுமையிலும் நெருங்கிய சொந்தம், இரும்புப் பரப்பில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. குளங்களில் பாசி மண்டுவதற்கும் பாஸ்பேட் ஒரு முக்கியக் காரணம் என்பதால் வேலைக்கு நேரடிப் பயனும் உண்டு. அமோனியம் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்தால் நீலம் வரும், 880 நானோமீட்டரில் அளக்கலாம். முதலில் டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள். பிறகு கெடிலம் ஆற்றுத் தண்ணீரிலும், உங்கள் வீட்டு போர் தண்ணீரிலும் அதே அளவு பாஸ்பேட் சேர்த்துச் செய்யுங்கள். பிடிக்கும் திறன் அவற்றில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் உங்கள் ஆய்வின் உயிர், அதை மறைக்காமல் முதல் அட்டவணையிலேயே போடுங்கள். இரும்பு இல்லாத வெறும் கைட்டோசான் மணி, கைட்டோசான் இல்லாத வெறும் ஃபெர்ரிக் ஹைட்ராக்சைடு இரண்டையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். நீர்த்த காஸ்டிக் சோடாவில் கழுவி மணியைப் புதுப்பித்து ஐந்து சுற்றாவது ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரில் இரும்பு கசிகிறதா என்று பினான்த்ரோலின் வைத்துப் பாருங்கள்.

வழிகாட்டி வெள்ளிதான் வேண்டும் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்யலாம். கிருமித் தட்டில் உங்கள் துகளோடு, அதே அளவு வெள்ளியுள்ள வெள்ளி நைட்ரேட் கரைசலையும், வெறும் இலைச்சாற்றையும் கட்டாயம் வையுங்கள். வெள்ளி நைட்ரேட்டும் கிருமி வளராத வளையத்தை அதே அகலத்தில் கொடுத்தால், கொன்றது அயனியா துகளா என்று பிரித்துச் சொல்ல முடியாது, அதை அப்படியே எழுதுங்கள். மீந்த கரைசலைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், அது கடைசியில் உப்பனாற்று மீனுக்கும் நண்டுக்கும் போய்ச் சேரும். மீந்த வெள்ளி நைட்ரேட்டில் சமையல் உப்புக் கரைசல் விட்டால் வெள்ளி குளோரைடாகப் படியும். துகள் கரைசலுக்கு உப்பு மட்டும் போதாது, முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டுப் பிறகு உப்பு விடுங்கள். இரண்டையும் வடிகட்டி, பெயர் எழுதிய அடர்நிற பாட்டிலில் சேர்த்து, துறையின் ரசாயனக் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.